கல்லடிப் பாலமும் கணினிப் பாலமும்

கல்லடியில் 1924இல் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமாயினும், அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமாயினும், கொண்டு சென்ற பொருளே மறுகரை சேர்கின்றது. புளொக்செயின் எனப்படும் கணினிப் பேரேடுகள் இரண்டுக்கிடையே கிரிப்டோ நாணயத்தை மாற்றும் ஏற்பாட்டுக்கும் பாலம் என்றே பெயர். ஆனால், அங்கு நாணயம் எதுவும் கடந்து செல்வதில்லை.

எமது பிரதேசத்தவர் நன்கறிந்த உண்டியல் முறையை இதற்கு ஒப்பிடலாம். வளைகுடாவில் உழைப்பவர் அங்குள்ள முகவரிடம் பணம் கொடுக்க, இங்குள்ள இன்னொருவர் தமது கையிருப்பிலிருந்து குடும்பத்தாருக்கு வழங்குகின்றார். (அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது வேறு விடயம்.) அவ்வாறே, பல பாலங்களில் நாணயம் ஒருபுறம் பூட்டிவைக்கப்பட, மறுபுறம் அதற்கீடான பற்றுச்சீட்டுப் போன்ற புதிய நாணயம் வழங்கப்படுகின்றது. பெட்டகம் வெறுமையானால் பற்றுச்சீட்டு செல்லாக்காசே.

ஆகவே, பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கின்றது என்பதே கேள்வி. 'ரொனின்' பாலத்தில் ஒன்பது சாவிகளுள் ஐந்து இணங்கினால் போதுமானதாக இருந்தது. நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்திடமே இருந்தன. வேலைப்பளுவைக் குறைக்க 2021 நவம்பரில் வழங்கப்பட்ட தற்காலிக அனுமதியொன்று, தேவை முடிந்த பின்னரும் நீக்கப்படவில்லை. ஐந்தாவது சாவி அவ்வழியே திருடர் கைக்குச் சென்றது. 2022 மார்ச்சில் 600 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகை களவாடப்பட்டது. ஆறு நாட்களாக எவரும் அதனை அறியவில்லை. பாவனையாளர் ஒருவர் பணத்தை மீளப்பெற முடியாது முறையிட்டபோதே விடயம் வெளியாயிற்று. வட கொரியாவுடன் தொடர்புடைய குழுவே இதைச் செய்ததாக அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் அறிவித்தது. அதே ஆண்டு 'வோர்ம்ஹோல்', 'நோமட்' பாலங்களும் கொள்ளையிடப்பட்டன. அங்கு சாவி திருடப்படவில்லை, மென்பொருளே பிழைத்தது.

ரொனின் நிறுவனம் வெளியே நிதி திரட்டிப் பாவனையாளரின் இழப்பை ஈடு செய்தது. நோமட்டில் பணத்தை இழந்தோருக்கு முழுத் தொகையும் திரும்பவில்லை.

இலங்கை மத்திய வங்கி 2018 முதல் இந்நாணயங்கள் குறித்துப் பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்துள்ளது. அதையும் மீறி இறங்குவோர், அமானிதப் பொருளை ஒப்படைக்குமுன் ஆளை விசாரிப்பது போன்று, சாவிகள் எத்தனை, அவை எவரிடம் உள்ளன என முதலில் விசாரிக்க வேண்டும். சிறு தொகையை அனுப்பிப் பார்த்த பின்னரே பெருந்தொகையை அனுப்புவது நலம். பாலத்துக்கு அளித்த அனுமதியைக் காரியம் முடிந்தவுடன் நீக்கிவிட வேண்டும். இரகசியத் திறவுச் சொற்களைக் கேட்பவர் எவராயினும், உதவ வந்தவராகவே தம்மைக் கூறிக்கொண்டாலும், அவற்றைக் கொடுக்கலாகாது.