நிமிடத்திற்கு 600 சொற்கள்: வேகமாகப் படித்தேன், எதைப் படித்தேன்?

மின்னஞ்சல், வாட்ஸ்அப் தகவல், பி.டி.எஃப். கோப்பு என்று படிக்க வேண்டியவை நாள்தோறும் குவிகின்றன. "பாதி நேரத்தில் படித்து முடிக்கலாம்" என்று ஒரு மென்பொருள் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. அந்த ஆசையால் என் மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழ் மூன்று வாரம் கைவிட்டுப் போயிருந்தது.

எப்படி வேலை செய்கிறது?

இந்த முறைக்கு ஆர்.எஸ்.வி.பி. என்று பெயர். பக்கம் முழுவதையும் காட்டாமல், ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாக மின்னி மறையும். கண் நகர வேண்டியதில்லை. 2014-ல் வெளியான ஸ்பிரிட்ஸ் இதைப் பிரபலமாக்கியது. சொல்லில் ஓர் எழுத்தைச் சிவப்பாக்கி, பார்வையை அங்கேயே நிறுத்துவது அதன் உத்தி. இதே பாணியில் பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களும் பல வந்தன.

கணக்கு எளிது. நிமிடத்திற்கு 300 சொற்கள் என்றால் ஒரு சொல் திரையில் நிற்பது 0.2 விநாடி. 600 என்றால் 0.1 விநாடிதான்!

என் அனுபவம்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டை வேலை முடிந்து வீடு திரும்பினால் இரவு எட்டு மணி ஆகிவிடும். மகள் சேர விரும்பிய கல்லூரியின் தமிழ் அறிவிப்பு எட்டுப் பக்கம். எடுத்து மென்பொருளில் ஒட்டி, வேகத்தை 600-ல் வைத்தேன். சில நிமிடங்களில் முடிந்தது. பெருமையாக இருந்தது.

"அசல் சான்றிதழ்களை இணைக்கக்கூடாது" என்று அதில் இருந்தது. என் கண்ணில் பட்டது "இணைக்க" மட்டுமே. "வேண்டும்" என்பதை மூளை தானே சேர்த்துக்கொண்டது. அசலையே தபாலில் அனுப்பிவிட்டேன். திரும்பி வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. தவறு கல்லூரியுடையது அல்ல, என்னுடையது.

தமிழுக்கு ஏன் ஒத்துவரவில்லை?

பிறகுதான் யோசித்தேன். தமிழில் "ஆம்", "இல்லை" இரண்டும் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் இருக்கின்றன. வழங்கப்படும், வழங்கப்படாது: வால் மாறினால் பொருளே தலைகீழ்!

அடுத்தது சொல் எண்ணிக்கை. "போய்க்கொண்டிருந்தான்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று சொற்கள் தேவை. ஆகவே ஆங்கிலத்துக்கு வகுத்த வேகம் தமிழில் அதைவிடக் கூடுதல் சுமை.

மூன்றாவது யூனிகோடு. அதே சொல்லில் நாம் காண்பது 10 எழுத்துகள். கம்ப்யூட்டர் எண்ணுவது 20 குறியீடுகள், ஏனெனில் புள்ளியும் துணைக்குறிகளும் அதற்குத் தனித்தனி. இதை அறியாத மென்பொருள் புள்ளியை மட்டும் பிரித்துச் சிவப்பாக்கும். எழுத்து உடைந்து தெரியும்.

ஆய்வுகள் சொல்வது

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பதை 1870-களின் இறுதியிலேயே கவனப்படுத்தியவர் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால். அந்தத் தாவல்களில் பத்தில் ஒன்று பின்னோக்கிப் போகிறது. அது வீணல்ல. புரியாததைச் சரிபார்க்கத்தான் கண் திரும்புகிறது. திரும்ப வழியில்லாதபோது புரிதல் குறைவதை 2014-ல் ஷாட்டர், டிரான், ரேனர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்பதே 2016-ல் ரேனர் குழுவினர் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஆங்கிலத்தில் மௌனமாகப் படிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்திற்குச் சுமார் 238 சொற்கள் என்று 2019-ல் பிரைஸ்பார்ட் கணக்கிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது

• ஏற்கெனவே ஓரளவு தெரிந்த செய்திகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

• தமிழுக்கு 200-ல் தொடங்குங்கள். நிறுத்தற்குறிகளில் இடைவெளி விடும் வசதி இருந்தால் தேர்வு செய்யுங்கள்.

• ஒரு பக்கம் முடிந்ததும் திரையை மூடிவிட்டு, படித்ததை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையா? வேகத்தைக் குறையுங்கள்.

• விண்ணப்பம், வங்கி நிபந்தனை, மருந்துக் குறிப்பு, கடைசித் தேதி: இவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த மென்பொருளை நான் நீக்கவில்லை. காலையில் செய்திகளைப் புரட்ட இன்றும் உதவுகிறது. ஆனால் மகளின் அடுத்த விண்ணப்பத்தை அச்சிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து, அவள் வாய்விட்டு வாசிக்க நான் கேட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. மூன்று வாரத்தோடு ஒப்பிட்டால் இது வேகம்தானே!