பொன் ஓய்ந்தது, காடு திரும்பியது

மெல்பேர்ண் நகருக்குக் கிழக்கே சுமார் 180 கிலோமீற்றர் தொலைவில், ஒடுங்கிய மலைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் வால்ஹல்லா. 1862ஆம் ஆண்டின் இறுதியில் எட்வேட் ஸ்ட்ரிங்கர் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இங்குள்ள ஓடையில் பொன் கண்டனர். மறு ஆண்டே அவர் காலமானார். ஓடை இன்றும் அவர் பெயரைத் தாங்கி ஓடுகிறது.

பின்னர் எழுந்த லோங் டனல் சுரங்கம் விக்டோரியா மாநிலத்தின் பெருஞ் சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அதன் நீராவி இயந்திரங்களுக்கு இரவு பகலாக விறகு வேண்டியிருந்தது. சுற்றியிருந்த மலைகள் மொட்டையாயின. அதன்பின் தொலைவிலிருந்து தண்டவாளம் அமைத்து விறகு கொண்டுவர நேர்ந்தது, செலவும் ஏறியது. 1910இல் புகையிரதம் வந்தபோது காலம் கடந்திருந்தது. 1914இல் சுரங்கம் மூடப்பட்டது. வீடுகள் பல பிரிக்கப்பட்டு, அதே புகையிரதத்தில் வெளியேறின.

மனிதர் போனதும் மரங்கள் திரும்பின. ஊருக்குப் பொது மின்சாரம் வந்ததே 1998இல்தான். நிரந்தரமாக வாழ்வோரும் மிகச் சிலரே.

குடும்பத்துடன் செல்வோர் பழைய சுரங்கமொன்றினுள் வழிகாட்டியுடன் நடக்கலாம். ஓடையோரமாகச் செல்லும் சிறு புகையிரதத்தில் பயணிக்கலாம். மலையுச்சியைச் சமப்படுத்தி அமைத்த கிரிக்கெட் மைதானத்துக்கு ஏறுவது நல்ல தேகப்பயிற்சி. கன்பரா வரை நீளும் சுமார் 650 கிலோமீற்றர் நடைபாதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் விறகாக எரிந்த மலைச்சரிவுகளில் அன்பர்கள் இன்று நிழலில் நடக்கலாம்.