ஆண்டிகனியும் ஆயர் குரோவும்: அரசாணையும் இறந்தோர்க்கான கடனும்

கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளீசின் ‘ஆண்டிகனி’ ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்சில் அரங்கேறிய துன்பியல் நாடகமாகும். தீப்ஸ் நகரின் ஆட்சிக்காகப் போரிட்ட சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். புதிய அரசன் கிரியோன், நகரைக் காத்தவனுக்குச் சிறப்புடன் ஈமக்கடன் செய்விக்கிறான். படையெடுத்து வந்த பொலினைசிசின் உடலை எவரும் அடக்கம் செய்யலாகாது, மீறினால் மரணம் என ஆணையிடுகிறான். சகோதரி ஆண்டிகனி மண்ணள்ளித் தூவிக் கடன் முடிக்கிறாள்.

கிரியோனைக் கொடுங்கோலன் என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது வகுப்பறையில் எளிது. ஆனால், நாட்டுத் துரோகியை அத்திக்க மண்ணில் புதைக்க ஏதென்சின் சட்டமே தடை விதித்திருந்தது. அச்சட்டம் எல்லைக்கு அப்பால் அடக்கம் செய்வதைத் தடுக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கிரியோன் தண்டனையோடு நில்லாமல் பிணத்தை நாய்க்கும் பறவைக்கும் இரையாக்கினான், துக்கத்தையே குற்றமாக்கினான். இரு நியாயங்களின் மோதலாக ஹெகல் இந்நாடகத்தைக் கண்டார். அவ்விளக்கம் பாதியே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. தெய்வங்களின் சினத்தை எடுத்துரைக்க வரும் குருட்டு நிமித்திகன் டைரீசியஸ் கிரியோனையே குற்றம் சாட்டுகிறான்.

தமிழாசிரியர்கள் ஆண்டிகனிக்கு இணையாகக் கண்ணகியைக் காட்டுவதுண்டு. கண்ணகி பாண்டியனின் ஆணை எதையும் மீறவில்லை. அவன் தன் நீதியினின்றே தவறினான் என்பதைச் சிலம்பை உடைத்து மெய்ப்பிக்கிறாள். அவனும் அக்கணமே ஏற்று உயிர் துறக்கிறான். ஆண்டிகனிக்கோ அரசாணையே ஏற்புடையதன்று. அவளுக்கு நெருக்கமானது நடுகல் மரபு எனலாம். காட்சி முதல் வாழ்த்து வரை அதன் ஆறு நிலைகளையும் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது.

அம்மரபின் தொடர்ச்சி நம் காலத்திலும் அரசுகளோடு மோதியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவர் போராட்டத்தையடுத்து மூன்றாம் நாள் புதிய தூணுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மலாக்கா மாநிலமும் இதற்கு விலக்கன்று. ஆயர் குரோவில் 2018 நவம்பர் 28ஆம் நாள் மாவீரர் நினைவு நிகழ்ச்சியொன்று நடைபெற்றது. அங்கு விடுதலைப் புலிகளுக்கு ஆதரவளித்ததாக, தோட்டங்கள் சூழ்ந்த அலோர் காஜா வட்டாரத்தின் காடேக் சட்டமன்ற உறுப்பினர் உள்ளிட்ட சிலர்மீது 2019 அக்டோபரில் குற்றஞ்சாட்டப்பட்டது. அவ்வழக்குகளில் மொத்தம் பன்னிருவர் சோஸ்மா சட்டத்தின்கீழ்க் கைதாகியிருந்தனர். மலேசியா அவ்வியக்கத்தை 2014இலேயே பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. பொதுமக்களையும் கொன்ற இயக்கம் அது. எனவே அரசின் அச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றதென்று கூறவியலாது. ஆயினும், ஓர் இயக்கத்துக்குத் துணைபோவதும் மாண்டவரை எண்ணி விளக்கேற்றுவதும் ஒன்றா? ஏதென்சின் சட்டத்துக்கும் கிரியோனின் ஆணைக்கும் இடைப்பட்ட தொலைவுதான் இங்கும் வினாவாகிறது.

கிரியோனுக்கு மேல் நீதிமன்றம் இல்லை. இங்கோ, பிணை மறுக்கும் சோஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 2019 நவம்பர் 29இல் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரி 21இல் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் பன்னிருவர்மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தலைவரொருவரின் படத்தை வைத்திருப்பதனால் ஒருவர் பயங்கரவாதியாகிவிடமாட்டார் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. வழக்கு விசாரணைக்கு முன்பே முடிந்ததால், நினைவேந்தல் எங்கே முடிந்து ஆதரவு எங்கே தொடங்குகிறது என்பது அவ்வழக்குகளில் தீர்ப்பாக எழுதப்படவில்லை.