எமது குசினிக்குள் ஓர் உலக வரைபடம்

குசினி, பாண், கோவா, போஞ்சி, சம்பல். இந்த ஐந்து சொற்களையும் நாம் நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் ஆதியில் தமிழ்ச் சொல் அல்ல. முதல் மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. போஞ்சி ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். சம்பல் மலாய் மொழிக்குரியது. சொல் வந்த வழியிலேயே மரக்கறிகளும் சமையல் முறைகளும் எமது வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் தேடிப் பார்த்தபோது நான் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண்டி மத்திய சந்தைக்குச் சென்றால் கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா எனக் குவிந்து கிடக்கும். இவை ஐரோப்பியர் வழியாக எமது மலைநாட்டுக்கு வந்தவை. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தார். அத்தகைய முயற்சிகளால் இவை குளிர்ந்த மலைகளில் வேரூன்றின. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. போர்த்துக்கேயர் வருமுன் எம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகைப் போலக் காரமான காய் என்பதால்தான் புதியதற்கு 'மிளகாய்' எனப் பெயரிட்டனர்.

ஆனால் பலா இம்மண்ணில் மிகப் பழையது. 1660 இல் சிறைபிடிக்கப்பட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் பலாவைப் பற்றி எழுதியுள்ளார். பிஞ்சுக்கு 'பொலஸ்', முற்றிய காய்க்கு 'கொஸ்' எனச் சிங்கள மக்கள் வழங்கிய பெயர்களை அவர் குறித்து வைத்தார். இன்றும் அதே பெயர்கள்தான் வழங்குகின்றன. பிஞ்சைக் கறியாக்கலாம், முற்றிய சுளையை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணலாம், கொட்டையை மணலில் புதைத்து வைத்து மாதக்கணக்கில் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே மரம் கறியும் சோறும் களஞ்சியமுமாக நிற்கிறது.

மரவள்ளியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதனைச் சமைக்கும்போது சட்டியை மூடக் கூடாது என்று எனது உம்மும்மா எப்போதும் சொல்வார்கள். அதற்கு அறிவியல் காரணம் உண்டு. மரவள்ளியில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலை நீக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து அவித்தால் அந்நச்சு நீரோடும் ஆவியோடும் வெளியேறும். அமேசன் காட்டு மக்கள், துருவிய கிழங்கை ஓலையால் பின்னிய நீண்ட குழாயில் இட்டு இழுத்து நச்சுச் சாற்றைப் பிழிகின்றனர். நைஜீரியாவில் அதனைத் துருவிப் புளிக்க வைத்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, வறுத்து 'காரி' ஆக்குகின்றனர். மூன்று கண்டத்துப் பெண்கள் ஆய்வுகூடம் இல்லாமலே ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள்!

சமையல் கருவிகளும் இவ்வாறே. எமது அம்மியும் குளவியும் போல மெக்சிக்கோவில் மூன்று கால் வைத்த 'மெட்டாட்டே' என்னும் அரைகல் உண்டு. நாம் நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பது போல வட ஆபிரிக்க முஸ்லிம்கள் அடியில் துளையிட்ட பாத்திரத்தில் 'குஸ்குஸ்' அவிக்கின்றனர். கீழே இறைச்சி ஆணம் கொதிக்க, அதன் ஆவியில் மேலே குஸ்குஸ் வேகும். இந்த மரபை யுனெஸ்கோ 2020 இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மொரோக்கோவின் 'தாஜீன்' மண்சட்டிக்குக் கூம்பு வடிவ மூடி இருக்கும். ஆவி அதில் பட்டு நீராகி மீண்டும் கறிக்குள்ளேயே இறங்குவதால் சிறிதளவு தண்ணீரே போதுமாகிறது. எமது அரிக்கன் சட்டியும் இதற்குக் குறைந்ததல்ல. உட்புறம் உள்ள வரிகளில் கல்லும் மண்ணும் தங்கிவிட, அரிசி மட்டும் நீரோடு நழுவி வரும்.

பெருநாள் காலையில் நாம் ருசிக்கும் வட்டிலப்பம் மலாய் மக்கள் வழியாக வந்ததென்பர். தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து இந்தோனேசியாவில் செய்யப்படும் 'ஸ்ரீகாயா' அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் எமது மண்ணின் கித்துள் கருப்பட்டி சேர்ந்த பின் அது எமக்கே உரியதாகிவிட்டது.

இவற்றையெல்லாம் அறிவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. விளைச்சல் குறைந்து மரக்கறி விலை ஏறியது. 2022 இல் எரிவாயுவுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நாட்களில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் உம்மும்மா மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினார்கள். பரணில் கிடந்த மண்சட்டிகள் கீழே இறங்கின. பலாக்காயும் மரவள்ளியும் எங்கள் பசியைப் போக்கின. தீயை எவ்வளவு எரிய விடுவது, மண்சட்டி வெடிக்காமல் எப்படிப் பழக்குவது என்பவை உம்மும்மாவுக்குத் தெரிந்திருந்தன. எங்களில் வேறெவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த அறிவு ஒரு தலைமுறையோடு நின்றுவிடும் நிலையில் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதன் பின்னர் ஒரு கொப்பி வாங்கி, உம்மும்மாவின் சமையலை எழுதத் தொடங்கினேன். "கொஞ்சம் போடு" என்று சொல்வதைக் கரண்டியால் அளந்து குறித்துக்கொள்கிறேன். சகோதரிகளே, நீங்களும் வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவர்களுடன் அமர்ந்து, ஓர் ஆணத்தையாவது அளவோடு எழுதி வையுங்கள். பெற்றோர்களே, மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். பசி ஆண், பெண் பார்த்து வருவதில்லையே!