வேகக் காரை வைத்திருப்பதன் செலவு

2013இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினில் 105 குதிரைத்திறன் தந்தது. சின்னக் காரில் அப்படியொரு இழுவை அன்று அபூர்வம். 2022இல் இந்தியாவில் போலோ விற்பனையே நின்றுவிட்டது. தென்காசி மாவட்டத்துச் சுரண்டை போன்ற ஊரில் அதைப் பல ஆண்டு வைத்திருப்பவருக்குப் பெட்ரோலைவிடப் பெரிய கவலை கியர்பாக்ஸ்தான். இதன் ஏழு கியர் தானியங்கி கியர்பாக்ஸான டிஎஸ்ஜியில் இருப்பது எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச். குற்றால சீசன் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறித் தேயும்.

உள்ளூர் மெக்கானிக் போதாதா என்று கேட்கலாம். ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கியர்பாக்ஸின் மின்னணுப் பழுதைக் கண்டறிய அதற்கான கருவியும் பயிற்சியும் வேண்டும். பழைய ஜிடி வாங்குவதானால் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்குமுன் சர்வீஸ் பதிவுகளைப் பாருங்கள். கிளட்ச் மாற்றும் தொகையைக் கழித்தே விலை பேசுங்கள்.