அழைப்பின் வழி: காரியாலயத் தொலைபேசி இணைப்பகம் பற்றிய ஒரு விளக்கம்

துணுக்காயிலே வசிக்கும் ஒருவர், தம் காணி பற்றிய ஒரு விடயத்தை அறிதற்பொருட்டு, முல்லைத்தீவு நகரிலுள்ள அரசாங்கக் காரியாலயமொன்றைத் தொலைபேசியில் அழைக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் இருப்பது மாவட்டத்தின் மேற்குப் புறம்; காரியாலயம் இருப்பதோ கிழக்குக் கடற்கரை. அழைப்பு உரிய மேசையைச் சென்றடையுமாயின் ஐந்து நிமிடத்திற் காரியம் முடியும். அடையாவிடின் ஒரு நாட் கூலியை இழந்து பேருந்தேற வேண்டும். இவ்விரண்டுள் எது நிகழும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அக்காரியாலயத்துச் சுவரிலோ அலுமாரியிலோ பொருத்தப்பட்டிருக்கும் ஒரு பெட்டியாகும். பி.ஏ.பி.எக்ஸ். என வழங்கும் அதனை ஈண்டுக் கிளையிணைப்பகம் என்போம்.

அழைப்பு அப்பெட்டியை அடையுமுன் பொது வலையமைப்பைக் கடக்கின்றது. இலங்கையின் நிலையான தொலைபேசி இலக்கம் பத்து எண்களாலானது. முதல் மூன்றும் பிரதேசத்தைக் குறிப்பன. 021 என்பது யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவற்றுக்குரியது, வவுனியாவுக்கோ 024. தேர்தற் கணக்கில் முல்லைத்தீவும் வவுனியாவும் ஒரே வன்னி மாவட்டத்துட் பட, தொலைபேசிக் கணக்கில் அவை பிரிந்துகிடத்தல் ஒரு விநோதமே. எஞ்சிய எண்கள், அழைப்பை உரிய நிறுவனத்துக்கும் நிலையத்துக்கும் இறுதியிற் காரியாலய வாயிலுக்கும் கொணர்ந்துவிடுகின்றன. அதற்கப்பால் வழிகாட்டுவது கிளையிணைப்பகம்.

இத்தகைய பெட்டி எதற்காக? நாற்பது அறைகளுள்ள காரியாலயத்தில் ஒவ்வோர் அறையையும் மற்றெல்லா அறைகளோடும் நேரே கம்பியால் இணைப்பதாயின் 780 இணைப்புகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நடுவிடத்துக்குக் கொணர்ந்தால் நாற்பது கம்பிகள் போதும். பண்டு அந்நடுவிடத்தே ஒரு பலகையும், செருகுகம்பிகளைக் கையிற்கொண்ட ஒரு பணியாளரும் இருந்தனர். யார் யாரோடு பேசுவது என்பது அவர் கையில் இருந்தது. அவ்வதிகாரத்தை வெறுத்தவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து ஈமக்கிரியை ஒழுங்காளர் அல்மன் ஸ்ரோஜர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்புப் பணியாளர் போட்டி வணிகருக்குத் திருப்பிவிடுவதாக அவர் ஐயுற்றார் என்பது கர்ணபரம்பரை. எவ்வாறாயினும், அழைப்போர் தாமே இணைப்பை ஏற்படுத்தும் பொறிக்கு அவர் 1891இல் உரிமைப்பத்திரம் பெற்றார். 1892இல் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. பணியாளர் விலகினார், அவருடைய அதிகாரம் விலகவில்லை. பொறிக்குக் கட்டளை எழுதுவோர் கைக்கு அது மாறிற்று, அவ்வளவே.

இன்றைய கிளையிணைப்பகத்தில் உலோகத் தொடுகை இல்லை. குரல் வினாடிக்கு 8000 தடவை அளக்கப்பட்டு எண்களாகின்றது. அவ்வெண்கள் சிறுசிறு பொதிகளாகக் கணினி வலையிற் செல்கின்றன. ஆனால் உள்ளே அறைகள் பல, வெளியே செல்லும் இணைப்புகள் சில என்ற பழைய பிரச்சினை அப்படியே உள்ளது. எத்தனை இணைப்புகள் போதும்?

ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் நீள்கின்றது எனக் கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். ஆகவே மூன்று இணைப்புகள் போதுமென்று கணக்காளர் சொல்லக்கூடும். அழைப்போர் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நின்று அழைப்பாராயின் அது சரியே. அவர்களோ தத்தம் மனம்போல அழைக்கின்றனர். கோப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த டென்மார்க்குக் கணிதவியலாளர் ஏர்லாங், 1917இல் இதற்கொரு சூத்திரம் வெளியிட்டார். அதன்படி, மூன்று இணைப்புகளாயின் நூற்றுக்கு ஏறத்தாழ 35 அழைப்புகள் இடமின்றித் திரும்பும்; நான்காயின் 21; ஆறாயின் 5; எட்டாயின் ஒன்றுக்குங் குறைவு. திரும்பியவர் மீண்டும் மீண்டும் அழைப்பாராதலின் நடைமுறையில் நிலைமை இதனினும் மோசமாகும். இன்னொன்றுங் காண்க: தனித்தனி மூன்று இணைப்புகள் வைத்து இவ்வாறே இடர்ப்படும் இரு பகுதிகள், ஆறையும் பொதுவாக்கிக்கொள்ளின் 35 என்பது 26 ஆகக் குறையும். ஒரு சதமும் செலவின்றி வரும் இலாபம் இது. பகுதித் தலைவர்கள் தத்தம் கம்பியை விட்டுக்கொடுக்க மனங்கொள்ளாமையே இதற்குத் தடை.

உள்ளே நுழைந்த அழைப்பு எந்த மேசையில் ஒலிப்பது? முதலாம் மேசையில் எடுக்கப்படாவிடின் இரண்டாவது, பின் மூன்றாவது என்பது எளிய முறை. அம்முறையில் முதலாம் மேசை லிகிதரே நாள்முழுதும் அல்லற்படுவார். நெடுநேரம் ஓய்ந்திருந்த மேசையைத் தேடி ஒலிப்பித்தல் நேரிய முறை. சில இடங்களிற் பதிவுசெய்த குரலொன்று வரவேற்று, இன்ன பகுதிக்கு இன்ன எண்ணை அழுத்துக என்கின்றது. அழுத்தும் ஒவ்வோர் எண்ணும் இரண்டு சுருதிகளை ஒருங்கே எழுப்பும். 5 என்பதற்கு 770, 1336 ஹேர்ட்ஸ். அவ்விணையைக் கேட்டே பெட்டி எண்ணை அறிகின்றது. குரலின் மொழியும் கருதற்பாலது. சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்ற பழகிய ஒழுங்கை முல்லைத்தீவிலும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அழைப்போரிற் பெரும்பாலார் மொழியை முதலில் வைத்தல் சில வினாடிகளுக்குரிய மாற்றமே. மூதாட்டி ஒருவர் ஒன்றையும் அழுத்தாது காத்திருப்பாராயின், அழைப்பைத் துண்டியாது ஒரு மனிதரிடம் சேர்ப்பிக்கும் கட்டளையும் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

உள்ளிருந்து வெளியே அழைப்போர் முதலில் 9 அல்லது 0 அழுத்துதல் பல காரியாலயங்களின் வழக்கம். இச்சிறு வழக்கம் உயிரோடு விளையாடியதும் உண்டு. 2013இல் ரெக்சாஸ் மாநிலத்து விடுதியறையொன்றிலே தாய் தாக்கப்பட, ஒன்பது வயது மகள் அவசர இலக்கமான 911ஐ நான்கு தடவை அழைத்தாள்; முன்னே இன்னுமொரு 9 வேண்டுமென்பதை அவள் அறியாள். அழைப்பு வெளியே செல்லவில்லை. தாய் இறந்தார். முன்னெண் இன்றியே அவசர அழைப்பு வெளிச்செல்லும்படி புதிதாக நிறுவப்படும் கிளையிணைப்பகங்கள் அமைதல் வேண்டும் என 2018இல் அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. நம் பாடசாலைகளிலும் விடுதிகளிலும் உள்ள பெட்டிகளில் 119, 1990 என்பன நேரே செல்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியைப் பராமரிப்பவர் சில நிமிடங்களிற் சோதித்து அறியலாம்.

இறுதியாக மின்சாரம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ற்று மின், நிலையத்து மின்கல அடுக்கிலிருந்து அக்கம்பி வழியாகவே வந்தது. வீடு இருண்டாலும் தொலைபேசி பேசிற்று. கிளையிணைப்பகமோ காரியாலயத்து மின்சாரத்தை நம்பியிருப்பது. மாரிக்காலப் புயலில் மின் நின்றால், சேமக்கலம் தீர்ந்தவுடன் நாற்பது அறைகளும் ஒருங்கே ஊமையாகும். செப்பு இணைப்பு உள்ள இடங்களிற் பயன்படும் ஒரு பழைய உபாயம் உண்டு: மின் அற்றதும் சிறு ஆளியொன்று தானே விலகி, வெளிக்கம்பி ஒன்றை நேரே ஒரு சாதாரண தொலைபேசியோடு சேர்க்கும். அத்தொலைபேசியைப் பூட்டிய அதிபர் அறையில் வையாது, இரவிலும் ஆளிருக்கும் காவலாளி மேசையில் வைத்தல் நன்று.