நாய்க்குக் குடலில் ஓட்டையா? ஸ்கேன் காட்டும் தடயங்கள்

கிடா வெட்டு முடிந்த மறுநாள் தோட்டத்து நாய் வாந்தி எடுத்தால், 'கறி ஜாஸ்தியாத் தின்னுருச்சு' என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால், எலும்பு, மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, நூல் கோத்த ஊசி போன்றவற்றை விழுங்கிய நாய்க்குக் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. மனிதர்களுக்கான டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளைக் கொடுத்தாலும் இரைப்பை புண்ணாகி ஓட்டை விழலாம். குடலில் உள்ளது வயிற்றறைக்குள் கசிந்தால் சீழ் பிடித்து, ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

தொடர் வாந்தி, தொட்டால் விறைக்கும் வயிறு, வெளுத்த ஈறு ஆகியவை முக்கியமான அறிகுறிகள். சில நாய்கள் முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். அது சோம்பல் முறிப்பதல்ல, வயிற்றுவலி.

எக்ஸ்ரேயில் எலும்பும் ஊசியும் பளிச்சென்று தெரியும். மாங்கொட்டையும் சோளக் கட்டையும் அப்படித் தெரிவதில்லை. அதனால்தான் மருத்துவர் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்.

ஸ்கேனில் ஓட்டை நேராகத் தெரிவது அபூர்வம். அதைச் சுற்றியுள்ள தடயங்களைத்தான் மருத்துவர் தேடுவார். குடலுக்குள் காற்று இருப்பது இயல்பு. குடலுக்கு வெளியே, வயிற்றுச் சுவரை ஒட்டிக் காற்று வெண்கோடாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். இடையிடையே நீர் கறுப்பாகத் தேங்கியிருக்கும். ஆரோக்கியமான குடல் சுவரில் 5 அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டை விழுந்த இடத்தில் சுவர் தடித்து, அடுக்குகள் கலைந்திருக்கும். அலை அலையாக அசைய வேண்டிய குடலும் அங்கே அசையாமல் கிடக்கும்.

சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தால், அந்தக் காற்று சில நாட்கள் உள்ளேயே தங்கியிருக்கும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீர் தேங்கியிருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். அதிலுள்ள சர்க்கரை, ரத்தச் சர்க்கரையைவிட 20 மில்லிகிராமுக்கு மேல் குறைவாக இருந்தால், கிருமி பரவியதற்கு அது வலுவான அடையாளம். 'ஓட்டையே தெரியலையே, எதுக்கு ஆபரேஷன்?' என்று அப்போது தயங்கக் கூடாது.

கிளம்பும் முன் சோறோ, பாலோ, விளக்கெண்ணெயோ கொடுக்க வேண்டாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. ஸ்கேனுக்கு எந்நேரம் வரலாம் என்று போனில் கேட்டுக்கொண்டு புறப்படலாம். நாய் எதை விழுங்கியது, எப்போது விழுங்கியது என்பது தெரிந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.